சப்பாத்தோடு ஏற்றிய விளக்கு

லண்டனில் ஒரு பெரிய நாடக அரங்கில் டிக்கெட் பார்த்து ஆட்களை இருத்துகிற வேலை எனக்கு. எதிர்க் கதவில் அதே வேலைக்கு நின்றவர் ஐம்பது தாண்டிய யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, கசங்காத கறுப்புக் கோட்டு.

அந்த வருஷம் எங்கள் நாட்டுச் சண்டையைப் பற்றி ஒரு ஆங்கில நாடகம் போட்டார்கள். அதில் தாயாக நடித்தவள், செத்த மகனின் படத்துக்குச் சப்பாத்துக் காலோடு விளக்கேற்றுவாள். பேப்பர்களோ அச்சு அசல் யாழ்ப்பாணம் என்று புளுகித் தள்ளின. அந்தக் காட்சி வந்தால் இவர் மட்டும் இருட்டில் தன் சப்பாத்தைக் கழற்றிவிட்டு நிற்பார்.

ஒரு நாள் மானேஜரிடம் போய், எங்கள் ஆட்கள் சப்பாத்தோடு விளக்கேற்ற மாட்டார்கள் என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். முகம் சிவந்திருந்தது.

"பாக்கிற ஆக்களுக்கு உது விளங்காதாம். நானும் ஒவ்வொரு நாளும் பாக்கிறன்தானே, தம்பி?"

"விடுங்கோ அண்ணை, வேலை போயிடும்" என்றேன்.

சொன்ன குற்றத்துக்கு மறுநாளே அவரை, வருகிறவர்களின் கோட்டுகளை வாங்கி மாட்டுகிற அறைக்குத் தள்ளினார்கள். அவருடைய கதவில் என்னை நிறுத்தினார்கள். மேடையில் அவள் விளக்கேற்றினாள். குனிந்து என் சப்பாத்து நாடாவைத் தொட்டேன். பக்கத்தில் மானேஜர் நின்றார். வெட்கங்கெட்டவன் நான், நாடாவை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டு நிமிர்ந்தேன்.