டாக்டருக்குக் கொடுத்தனுப்பிய பாட்டில்கள்

என் கணவர் சிராங்கூன் ரோட்டில் ஒரு சோடாத் தொழிற்சாலை வைத்திருந்தார். அவர் காய்ச்சலில் போன பிறகு அதை நான் நடத்தினேன். பொம்பளைக்கு எதற்கு சோடா கம்பெனி என்று தெரு முழுக்கப் பேச்சு. பேசுகிறவர்கள் வெயிலில் வந்து என் கடைப் பந்தலில்தான் சோடா குடித்தார்கள், அதனால் நான் வாயை மூடிக்கொண்டேன்.

என் வாயை அடைக்கத் தெரிந்தவன் கொழுந்தன் ஒருவன்தான். கம்பெனிப் பத்திரம் அவன் பேரில் இருந்தது. ஒரு பெரிய ஹாஸ்பத்திரி எங்களிடம் நோயாளிகளுக்கு எலுமிச்சை, இஞ்சி பானம் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆர்டர் இருக்கும்வரை அவன் பேசாமல் இருந்தான். அந்த வருஷ மழைக்காலத்தில் ஹாஸ்பத்திரியிலிருந்து பாட்டில்கள் திரும்பி வரத் தொடங்கின. உடைத்து ஊற்றினால் பானம் வெண்டைக்காய்ச் சாறு மாதிரி நூல் விட்டது. வெறும் சோடாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, இனிப்புப் போட்டதெல்லாம் கெட்டது.

"தைப்பூசம் வரைக்கும் பாக்குறேன் அண்ணி. ஹாஸ்பத்திரி நின்னு போச்சுன்னா வித்துருவேன். சீனத் தவுக்கே, பெரிய முதலாளி ஒருத்தர் கேட்டுட்டு இருக்காரு" என்றான் கொழுந்தன். மரியாதையாகத்தான் சொன்னான். அந்த மரியாதையிலேயே அவன் முடிவு செய்துவிட்டது தெரிந்தது.

நகரத்தில் அப்போது ஒரு மருத்துவக் கல்லூரி தொடங்கியிருந்தார்கள். அங்கே கிருமிகளைப் பற்றிப் பாடம் நடத்தும் ஓர் ஆங்கிலேய டாக்டர் இருந்தார். சரக்கு சுத்தம் என்று அவர் எழுதிக் கொடுத்தால் தொடர்ந்து வாங்குகிறோம், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்க்கிறோம் என்று ஹாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஒரு சோடாக்காரி கல்லூரி வாசலில் போய் நிற்பதா என்று முதலில் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட்டால் கம்பெனி போய்விடும். போனேன்.

டாக்டரின் உதவியாளர் யாழ்ப்பாணத்துக்காரர், நடுவயது, கண்ணாடி போட்டவர். நான் சொன்னதை டாக்டரிடம் ஆங்கிலத்தில் சொல்லி, அவர் சொன்னதை எனக்குத் திருப்பிச் சொன்னார். கெட்டுப்போன பாட்டில்கள் சிலவற்றை அனுப்பி வைக்கச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து, திரும்பி வந்த பாட்டில்களில் இருப்பதிலேயே மோசமானவற்றை நானே பொறுக்கி ஒரு கூடையில் வைத்தேன். தொழிற்சாலையின் மேஸ்திரி, என் கணவரின் ஊர்க்காரர், ஆரம்பத்திலிருந்து கூட இருந்தவர், அதை ரிக்ஷாவில் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சுத்தம், குடிக்கலாம் என்று டாக்டர் எழுதிய காகிதம் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை. நூல் விட்ட பானம் எப்படி சுத்தமாகும் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஆனால் படித்த டாக்டர் சொல்கிறார், நமக்கு நல்லதாகச் சொல்கிறார், நான் ஏன் கிளற வேண்டும்? அந்தக் காகிதத்தைக் காட்டினேன், ஹாஸ்பத்திரி மறுபடி வண்டி நிறைய வாங்கியது. சில நாளில் அந்தப் பாட்டில்கள் அத்தனையும் வழவழவென்று திரும்பி வந்தன.

ஓடினேன் கல்லூரிக்கு. டாக்டர் என்னைப் பார்க்கவே மாட்டேன் என்றுவிட்டார். உதவியாளர் வராந்தாவில் நின்று பேசினார், உட்காரச் சொல்லவில்லை.

"துரை சரியான கோவத்தில இருக்கிறார். தன்ர பேரை வைச்சு ஊத்தைச் சாமானை வித்துப்போட்டீங்கள் எண்டு நினைக்கிறார். நீங்கள் குடுத்த போத்தல் எல்லாம் நல்ல தெளிவாத்தானே இருந்தது. ஒவ்வொண்டுக்கும் சந்தனமும் குங்குமமும் பூசியெல்லோ அனுப்பினீங்கள்."

நான் சந்தனம் பூசவில்லை. நான் வைத்த பாட்டில்களில் ஒன்றுகூடத் தெளிவாக இல்லை. அங்கேயே எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ரிக்ஷாக்காரனை விரட்டிக்கொண்டு வந்து மேஸ்திரி முன்னால் நின்றேன்.

அவர் மறைக்கவே இல்லை. "ஆமா தங்கச்சி. நீங்க வெச்ச கூடையப் பாத்தேன், மனசு கேக்கல. எம்மாம் பெரிய மனுசன், அவரு கைக்குப் போய் இந்தக் கண்றாவியக் குடுக்குறதா? மழைத்தண்ணி புடிச்சு, தனிச் சட்டில புதுசா பாகு காச்சி, நல்லதா போட்டுக் கொண்டு போனேன். நம்ம முதலாளி பேரு கெடக் கூடாதுல்ல."

கத்த வேண்டும் என்று வந்தவள் கத்த முடியாமல் நின்றேன். அவர் கெடுக்க நினைத்துச் செய்யவில்லை. பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது பழத்தில்கூட அழுகலை ஒதுக்கித்தானே தட்டில் வைக்கிறோம். ஆனால் தைப்பூசத்துக்குக் கொடி கட்டத் தொடங்கிவிட்டார்கள், கொழுந்தன் அந்தத் தவுக்கேயை அழைத்து வந்து இடத்தைச் சுற்றிக் காட்டிவிட்டுப் போயிருந்தான்.

"அண்ணே, சோறு இங்கதான் இருக்கு உங்களுக்கும் எனக்கும். இனிமே நான் சொல்றதுல ஒரு துளி மாத்தினீங்கன்னா நானே உங்கள வெளிய அனுப்பிருவேன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

கெட்ட பாட்டில்களை மடியில் வைத்துக்கொண்டு நானே மறுபடி போனேன். டாக்டர் வெளியே வரும்வரை வராந்தாவில் நின்றேன். வந்ததும் ஒரு பாட்டிலை உடைத்து, கையோடு கொண்டுபோன பீங்கான் கிண்ணத்தில் ஊற்றினேன். அது நூலாக இழுபட்டு விழுந்தது. முதல் கூடையில் நடந்ததைச் சொன்னேன், உதவியாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் கிண்ணத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தொழிற்சாலையை நேரில் பார்க்க வேண்டும் என்றார்.

அவர் வரும் நாள் காலையில் மேஸ்திரி சுண்ணாம்பு வாளியும் மாவிலையுமாக நின்றுகொண்டிருந்தார். எனக்கும் கை பரபரத்தது. தரையெல்லாம் பாசி, சர்க்கரை மூட்டையைச் சுற்றி எறும்பு, வடிகட்டும் துணி கிழிந்து தொங்குகிறது, பக்கத்து மாட்டுக்கொட்டகை நாற்றம் வேறு. கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்கள் முன்னால் கந்தல் சேலையோடு நிற்பது போல அவமானமாக இருந்தது.

"வாளியக் கீழ வைங்கண்ணே. ஒரு எறும்பக்கூட வெரட்டக் கூடாது."

டாக்டர் வந்தார். கிணறு, துணி, பாட்டில் கழுவும் தொட்டி ஒவ்வொன்றிலும் சின்னக் கண்ணாடிக் குழாயில் எடுத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொழுந்தன் வாசலில் குடையோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் டாக்டர் பாகு ஊற்றி வைக்கும் மரப்பீப்பாய்க்குப் போய், நீளக் கரண்டியை அடிவரை விட்டுத் தூக்கினார். நூல் விட்டது.

"இந்தப் பீப்பாயை எப்ப கழுவினனீங்கள்?" என்று உதவியாளர் கேட்டார்.

"கழுவுறதா?" என்றார் மேஸ்திரி. "பாகுப் பீப்பாய யாராச்சும் காலியா விடுவாங்களா?"

எங்கள் வீடுகளில் அரிசிப் பானையையும் உப்புச் சாடியையும் அடி தெரிய வழித்தெடுக்க மாட்டோம். தீருவதற்கு முன்பே மேலே கொட்டிவிடுவோம். பீப்பாய்க்கும் அதே வழக்கம். பழைய பாகு ஒரு சாண் இருக்கும்போதே புதுப் பாகை ஊற்றினோம். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை, அதனால்தான் யாருக்கும் அது கண்ணில் படவில்லை.

அடியில் இருப்பது எவ்வளவு நாள் பழசு என்று டாக்டர் கேட்டாராம். மேஸ்திரி என் பக்கம் திரும்பினார். நான்தான் சொன்னேன். "என் வீட்டுக்காரர் கம்பெனி தொறந்த அன்னிக்கு நல்ல நேரம் பாத்து ஊத்தினது."

உதவியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு ஆங்கிலத்தில் ஏதோ சின்னதாகச் சொன்னார். அடிப் பாகில் வளரும் கிருமிதான் மேலே ஊற்றும் புதுப் பாகையும் கெடுக்கிறது, அதனால் முழுவதையும் கொட்டிவிட்டு, பீப்பாயை எரித்துவிட்டு, கொதிநீர் ஊற்றிக் கழுவக்கூடிய பீங்கான் ஜாடிக்கு மாற வேண்டும், வாரா வாரம் அடிவரை காலி செய்ய வேண்டும் என்பது டாக்டரின் தீர்ப்பு.

அவர்கள் போனதும் நானும் மேஸ்திரியும் பீப்பாயைச் சாய்த்து வாய்க்காலில் விட்டோம். புது ஜாடியைக் கழுவி, புதுப் பாகு காய்ச்சி இறக்கினேன். ஊற்றப் போகும்போது மேஸ்திரி முதுகுக்குப் பின்னால் எதையோ மறைத்துக்கொண்டு ஜாடிப் பக்கம் வந்தார். ஒரு செம்பு. அதில் பழைய பாகு.

"ஒரு சொட்டு போதும் தங்கச்சி. அடியில இருக்கட்டும். முதலாளி கை பட்டது."

அதைத் தட்டிவிட என்னால் முடியவில்லை. கை நீட்டிக் கேட்டேன், கொடுத்தார். ரொம்ப நேரம் அந்தச் செம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அதிலிருந்து ஒரு சொட்டு ஜாடிக்குள் விழுந்தால் கம்பெனி இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்தும் மனசு ஜாடி பக்கம்தான் போனது. வாய்க்காலுக்கு நடந்து போய்க் கவிழ்த்தேன். அது கனமாக, மெதுவாக இறங்கியது.

தைப்பூசத்துக்கு முன்பே டாக்டர் புதுச் சரக்கைப் பார்த்து எழுதிக் கொடுத்தார். ஹாஸ்பத்திரி ஆர்டர் கைவிட்டுப் போகவில்லை, கொழுந்தனும் விற்கிற பேச்சை விட்டான். கம்பெனி எனக்குத் தங்கியது. ஆனால் அந்தக் காகிதம் வந்த மத்தியானம், பாட்டில் கழுவும் பெண்கள் எல்லோரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து, பீங்கான் ஜாடி பக்கத்தில் உட்கார்ந்து அழுதேன். என் கணவர் செத்தபோது கடையைப் பார்க்க வேண்டியிருந்ததால் அழாமல் விட்ட அழுகை அது.