கை மரத்துப்போன எட்டு மாதம்

என் மகள் நிவேதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. வயது பதினாறு. அவளும் நானும் கையால்தான் பேசிக்கொள்வோம். போன வருடம் ஆடியில் என் விரல் மூட்டுகள் வீங்கின. வீட்டில் பேச்சு குறைந்தது.

நாங்கள் மதுரைக்குப் பக்கத்தில் பரவையில் இருக்கிறோம். கணவருக்கு மார்க்கெட்டில் காய்கறி மூட்டை இறக்கும் வேலை.

காலையில் எழுந்தால் இரண்டு கையும் மரக்கட்டை மாதிரி இருக்கும். வெந்நீரில் ஊறவைத்தால்தான் மடங்கும். முடக்கத்தான் கீரையை அரைத்துத் தோசை மாவில் கலந்தேன். வேப்பெண்ணெய் தேய்த்தேன். மஞ்சள் போட்டுப் பால் குடித்தேன். கால்சியம் மாத்திரை, மீன் எண்ணெய் மாத்திரை, போதாததற்கு செல்போனில் பார்த்து வாங்கிய ஒரு மூட்டுவலிப் பொடி. பொடி தின்ற இரண்டு வாரம் வலியே இல்லை. பிறகு முன்னைவிட மோசமாக வந்தது.

"டாக்டர்கிட்ட போவமா?" என்று கணவர் கேட்டார்.

"வயசானா வர்றதுதான். போகப் போகச் சரியாயிரும்" என்றேன். எனக்கு நாற்பத்து மூன்றுதான்.

ஒருநாள் நிவேதா பள்ளிக்கூடம் விட்டு வந்து எதையோ சொல்ல ஆரம்பித்தாள். பதில் சொல்லக் கையைத் தூக்கினேன். விரல் பாதியில் நின்றது. முகத்தைச் சுளித்திருப்பேன் போல. அவள் என் கைகளைப் பிடித்து மெதுவாக மடியில் வைத்தாள். அன்றிலிருந்து என்ன கேட்டாலும் 'ஒன்றுமில்லை' என்று கையசைத்துவிட்டுப் போய்விடுவாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. யார் வீட்டையோ எட்டிப் பார்ப்பது போல இருந்தது.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அழகர்கோவிலுக்குத் தனியாகப் போனேன். சந்நிதியில் நின்றபோது எதுவும் கேட்கத் தோன்றவில்லை. 'இந்தக் கையை நான் என்ன செய்யட்டும், நீயே சொல்லு' என்று மட்டும் நினைத்தேன். பிறகு மலைமேல் நூபுர கங்கைத் தீர்த்தத்தில் குளித்தேன். ஈரப் புடவையைப் பிழிய முடியவில்லை. பக்கத்தில் நின்ற ஓர் அம்மா அதை வாங்கிப் பிழிந்து கொடுத்தார். சமயநல்லூரில் நர்ஸ் வேலை பார்ப்பவர்.

"காலையில விறைப்பு எம்புட்டு நேரம் இருக்கு?"

"ஒரு மணி நேரத்துக்கு மேல இருக்குக்கா."

அவர் தன் இடது கையைக் காட்டினார். இரண்டு விரல்கள் கோணியிருந்தன. "நானும் எண்ணெயத் தேச்சே அஞ்சு வருசத்த ஓட்டுனேன். இது இனி நிமிராது. உங்களுக்கு இன்னும் வளையல. நாளைக்கே ரத்தம் குடுத்துப் பாருங்க."

இரண்டு நாளில் மதுரைக்குப் போனோம். முடக்குவாதம் என்றார் மருத்துவர். பொடியின் அட்டையைத் திருப்பிப் பார்த்தார்.

"கீரை சாப்பிடுங்கம்மா, வெந்நீரும் வச்சுக்கங்க. இந்தப் பொடிய மட்டும் இனிமே தொடாதீங்க. என்ன கலந்திருக்கான்னே தெரியல."

வாரம் ஒருமுறை மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. உடனே ஒன்றும் மாறவில்லை. தை போய் மாசி வந்த பிறகுதான் வீக்கம் வடிந்தது.

பங்குனியில் ஒரு சாயங்காலம். உலையில் அரிசி போட்டிருந்தேன். நிவேதா உள்ளே வந்தாள். 'இன்னைக்கு என்ன நடந்துச்சு?' என்று முழுதாக, நிறுத்தாமல் கேட்டேன். என் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தரையில் உட்கார்ந்து ஆரம்பித்தாள். தோழி பள்ளி மாறிப் போனது, தையல் வகுப்பில் முதலாவதாக வந்தது, ஐப்பசியில் பஸ்ஸிலிருந்து விழுந்தது. பாவாடையைத் தூக்கி முழங்கால் தழும்பைக் காட்டினாள். எனக்குத் தெரியவே தெரியாது. அப்போதுதான் அழுதேன். சோறு குழைந்துபோனது.

புடவை பிழிந்து கொடுத்த அந்த அம்மாவின் பெயரைக்கூட நான் கேட்டுக்கொள்ளவில்லை. அவரை என் பக்கத்தில் நிறுத்தியது அழகர்தான் என்று நம்புகிறேன். நோய் முழுக்கப் போகவில்லை, மாத்திரையும் நிற்கவில்லை. ஆனாலும் இப்போதெல்லாம் சனிக்கிழமை நிவேதாவையும் கூட்டிக்கொண்டுதான் மலைக்குப் போகிறேன்.

கையோ காலோ முடங்கி, சாமியிடம் கேட்கவும் வாய் வராமல் யாராவது இருந்தால், சும்மா போய் நில்லுங்கள். அவன் யார் வாயிலாகச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து அதன்படி செய்யுங்கள். உங்கள் பிள்ளை உங்களிடம் சொல்ல எதையோ வைத்திருக்கும்.