பாடத்தில் நான் கட்டிய பூஜா ரூம்

ஸ்டென்சில் இங்க் வாசனை விரலை விட்டுப் போக ரெண்டு நாள் ஆகும். எத்தனை சோப்பு போட்டாலும் சாம்பார் சாதத்தில்கூட அதே வாசனைதான் வரும்...

எண்பதுகளின் கடைசி. தாம்பரத்தில் முடிச்சூர் ரோட்டோரம் ஒரு சின்ன இங்கிலீஷ் மீடியம் ஸ்கூல். ஐந்தாம் வகுப்புக்கு நான் இங்கிலீஷ் சார். வயது இருபத்துமூன்று, எல்லாம் தெரியும் என்ற திமிர் வேறு.

பழைய ரீடரில் 'மை ஹவுஸ்' என்று ஒரு பாடம். வீட்டில் குளிர்காய பயர்பிளேஸ் இருக்குமாம். மே மாசம் தார் ரோடு செருப்பில் ஒட்டுகிற ஊரில் பயர்பிளேஸ்.

கரஸ்பாண்டென்ட் கூப்பிட்டு, "நம்ம ஊருக்கு ஏத்த மாதிரி மாத்தி எழுதுங்க சார்" என்றார்.

எழுதினேன். பயர்பிளேஸை அடித்துவிட்டு, 'தேர் ஈஸ் எ பூஜா ரூம் இன் மை ஹவுஸ்' என்று போட்டேன். வெள்ளிக்கிழமை அம்மா விளக்கேற்றுவாள், திருநீர்மலைக் கோயிலுக்குப் போவோம் என்று இன்னும் ரெண்டு வரி. ஸ்டென்சில் வெட்டி, சைக்ளோஸ்டைல் மெஷினில் பிரதி எடுத்து வகுப்பில் கொடுத்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை.

அரையாண்டுப் பரீட்சையில் 'உன் வீட்டைப் பற்றி எழுது' என்று கேள்வி. எல்லாப் பிள்ளைகளும், சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைகள்கூட, பூஜா ரூம் எழுதினார்கள்.

ஜெனிபர் மட்டும் எழுதவில்லை. வகுப்பில் முதல் ரேங்க் அவள்தான். எங்கள் வீடு ஒரே ரூம், கட்டில் பக்கத்தில் முட்டி போட்டு ஜெபம் பண்ணுவோம், அப்பா பாடினால் தம்பி தூங்கிவிடுவான்... எல்லாம் அவளுடைய சொந்த இங்கிலீஷ். பாடத்தில் இல்லை என்று சிவப்பு மையில் அடித்து, பத்துக்கு நாலு போட்டேன். ரேங்க் போய்விட்டது.

அவள் அப்பா ரயில்வே கேங்மேன், தண்டவாளத்தில் வேலை. டூட்டி உடுப்போடே மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"பாப்பா இன்னா சார் தப்பா எழுதிச்சு?"

"தப்பு இல்லீங்க. பாடத்துல இருக்கறதைத்தான் எழுதணும்."

"எங்க வூட்ல அந்த ரூம் இல்லியே சார்."

நான் விடைத்தாளை மடித்து மேஜை மேல் வைத்தேன். அவரே மகளிடம் திரும்பி, "சார் குடுத்ததுல இன்னா கீதோ அத்தையே எழுதிடும்மா. நமக்கு எதுக்கு பேஜாரு?" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

முழுப் பரீட்சையில் அதே கேள்வி வந்தது. ஜெனிபர் பூஜா ரூம் எழுதினாள். வெள்ளிக்கிழமை விளக்கு, திருநீர்மலை, எல்லாம். ஒரு பிழை இல்லை. பத்துக்குப் பத்து போட்டேன்.

இப்போது என் பேரன் புத்தகத்தில் கோயில், சர்ச், மசூதி மூன்றும் ஒரே பக்கத்தில் கலர் படமாக இருக்கின்றன. நல்லதுதான், சந்தோஷம்தான். ஆனால் அவன் அந்தப் பக்கத்தை வாசிக்க ஆரம்பித்தால் என்னால் உட்கார முடிவதில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடிக்கிறேன், திரும்பி வருகிறேன், மறுபடி எழுந்துகொள்கிறேன்...

அந்த ரெண்டு பரீட்சைக்கும் நடுவில் முழுசாக நாலு மாசம் இருந்தது. 'நீ முதல்ல எழுதினதுதாம்மா சரி' என்று ஒரு நாள் சொல்லியிருக்கலாம். தினமும் என் எதிரே, முதல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள்.