மீனெண்ணெய் பூசிய வள்ளம்

முழங்காலை மண்ணில் ஊன்றி, முகத்தைப் புல்லுக்குள் கொடுத்து மணந்து பார்க்கிறார் யோன் மிராண்டா. "நரி வந்திட்டுப் போயிருக்கு" என்கிறார். எனக்குப் புல் மணம் மட்டும்தான் வருகிறது. நகருக்கு வெளியே, வெரிபீ என்ற ஊருக்கு அப்பால், கல்லுடைத்துக் கைவிட்ட நிலமொன்றைப் பூங்காவாக்கியிருக்கிறார்கள்; அதற்கு இவர்தான் மனேஜர். மனேஜர் என்றால் கதிரையில் இருப்பவர் என்று நினைத்திருந்தேன். இந்த மனிதர் கதிரையில் இருந்து நான் பார்த்ததே இல்லை.

அந்த மண்ணுக்கே உரிய புல்லைத் திரும்ப முளைக்கவைத்து, அதன் நடுவே சிற்பங்களை நிறுத்தப் பதினொரு வருடம் பாடுபட்டிருக்கிறார். சனிக்கிழமைகளில் நகரின் மறுகோடியான கிளென் வேவர்லியிலிருந்து களை பிடுங்கப் போகும் எனக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "அண்ணை, தெரியாட்டித் தொடாதேங்கோ." நானும் தெரியாமல் தொட்டு நல்ல புல்லைப் பிடுங்கியிருக்கிறேன். ஏசமாட்டார். வாங்கித் திரும்ப நட்டுவிட்டுப் போவார். அதற்கு நாலு ஏச்சு ஏசியிருக்கலாம்.

சிற்பங்களில் ஒன்று மரவள்ளம். அகதிகளாகப் படகேறிக் கடலோடு போனவர்களுக்காக லிண்டா என்ற சிற்பி செய்தது. யோனின் தம்பி நிஷானும் அப்படிப் போனவன். உடல் கிடைக்கவில்லை, கல்லறையும் இல்லை. ஒவ்வொரு நவம்பரும் மரித்தோர் தினத்தன்று யோன் வள்ளத்தடியில் நின்று செபம் சொல்வார். மெழுகுதிரி கொளுத்தமாட்டார், புல் பற்றிவிடும்.

போன வருடம் வள்ளத்தில் வெடிப்புக் கண்டது. மன்னார்க்காரர் வேறென்ன செய்வார்? தகப்பன் தோணிக்குப் பூசியதைப்போல மீனெண்ணெய் வாங்கிப் பூசிவிட்டார். மரம் மினுங்கியது. வாடைக்கு நரிகள் வந்தன. அத்தனை வருடத்தில் முதல்முறையாக வள்ளத்தருகே புல்தரையில் கூடு கட்டியிருந்த காடையின் முட்டைகள் அத்தனையும் போயின. யாரும் அவரைக் கேட்கவில்லை. "என்ர பிழை" என்று தானே மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்தார்.

எண்ணெய் மரத்துக்குள் ஊறிவிட்டது, கழுவியும் வாடை போகவில்லை. இந்த வசந்தத்தில் காடைச் சோடி மறுபடி அதே இடத்துக்கு வந்தது. வள்ளத்தை எடுத்துவிடுவதென்று யோன் முடிவு செய்தார். லிண்டா தாஸ்மேனியாவிலுள்ள தன் பட்டறைக்குக் கொண்டுபோகச் சம்மதித்தார். இனித் திரும்பி வராது.

"ரெண்டு குருவிக்காகவே, யோன்? வேலி போடேலாதே?" என்று கேட்டேன். எனக்குக் கோபம்.

"போட்டுப் பாத்தனான். கீழால கிண்டிக்கொண்டு வருது." வள்ளத்தின் விளிம்பைத் தடவினார். "என்ர தம்பிக்கு இடம் வேணுமெண்டு அதுகளை எழுப்பேலுமே, அண்ணை?"

நான் குனிந்து களை பிடுங்கத் தொடங்கினேன்.

திங்கட்கிழமை லொறி வந்தது. வள்ளத்தை ஏற்றிக் கயிறு போட்டார்கள். பூங்காப் பாதையில் லொறி நடைவேகத்தில் நகர, யோன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் போனார். வெளிக் கேற் வரும்வரைக்கும், கடலில் தோணி இறக்குகிறவரைப்போல, லொறிக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருந்த வள்ளத்தில் தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டே நடந்தார்.