பூதக்கண்ணாடி கை தூக்கிய கதை

பாட்டில் தொழிற்சாலையின் சங்கத் தலைவரைப் பொதுக்கூட்டத்திலேயே ஒரு பெண் கன்னத்தில் அறைந்துவிட்டாள் என்று ஊரெல்லாம் பேச்சு. பேருந்து நிறுத்தத்தில் அது ஒரு அறையாக இருந்தது. முடிதிருத்தும் கடைக்கு வந்தபோது இரண்டு அறை. மளிகைக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் செருப்பும் சேர்ந்துகொண்டது. இப்படி நாளொரு அடியும் பொழுதொரு உதையுமாக வளர்கிற சேதியை அப்படியே விட்டால் தலைவரின் உயிருக்கே ஆபத்து. எனவே விசாரிக்க வேண்டியதாயிற்று.

விசாரித்ததில் அறை பொய். செருப்பும் பொய். அந்தப் பெண் செய்தது ஒன்றே ஒன்றுதான்: வலது கையைத் தூக்கினாள். இவ்வளவுதானா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்களுக்கு அந்தக் கையின் பூர்வோத்தரம் தெரியாது.

தொழிற்சாலையில் அவளுக்குப் பெயர் பூதக்கண்ணாடி. உலையில் பிறந்து, ஆறி, பெல்ட்டில் வரிசையாக வரும் பாட்டில்கள் ஓரிடத்தில் வெள்ளை வெளிச்சப் பலகை ஒன்றைக் கடந்து போகும். அதற்கு எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பதுதான் பத்தொன்பது வருஷமாக அவள் வேலை. கீறல், குமிழி, கோணல் கழுத்து, எது கண்ணில் பட்டாலும் கழுத்தைப் பிடித்துத் தூக்கித் தொட்டியில் போட வேண்டும். நிமிஷத்துக்கு நூற்றிருபது பாட்டில். நிதானமாக இமைத்தால் ஒன்று போய்விடும்.

இந்தப் புத்தி வீட்டுக்கும் கூடவே வந்துவிட்டது. கடையில் டம்ளர் வாங்கினால் ஒவ்வொன்றையும் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்ப்பாள். கடைக்காரர் அவள் தலை தெரிந்ததுமே, "அம்மா, இந்தப் பெட்டி நல்ல பெட்டி, நீங்க போன தடவை கழிச்சதெல்லாம் அந்தப் பக்கம்" என்று முந்திக்கொள்வார். கல்யாணத்துக்கு முன்பு மாப்பிள்ளை எப்படி என்று கேட்டபோது அவள் சொன்ன பதில்: "கீறல் இருக்கு. ஆனா ஒழுகாது." பள்ளிக்கூட வேன் ஓட்டும் அவள் கணவர் இன்றைக்கும் அதை நற்சான்றிதழ் மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வெளிச்சத்துக்கு முன்னால் இருபது நிமிஷம், பிறகு மூலையில் அட்டைப்பெட்டி மடித்துக்கொண்டு இருபது நிமிஷம். அதற்குப் பெயர் கண் ஓய்வு. முன்னொரு காலத்தில் பதினோரு நாள் வேலைநிறுத்தம் செய்து சங்கம் வாங்கிக் கொடுத்தது. சங்கம் வாங்கிக் கொடுத்த கடைசி விஷயமும் அதுதான் என்பது உறுப்பினர்களின் பேச்சு. வருஷத்துக்கு ஒருமுறை கண் பரிசோதனை உண்டு. அதில் தவறினால் உடைந்த கண்ணாடி கூட்டும் வேலை. சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு போச்சு.

இனி கை. உலைச் சத்தத்தில் எல்லோரும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டுதான் வேலை செய்வார்கள். கத்தினால் பக்கத்து ஸ்டூலுக்கே கேட்காது. எனவே பெல்ட்டை நிறுத்த வேண்டுமானால் கை தூக்க வேண்டும். ஒருத்தி தூக்கினால் அதைப் பார்த்த அடுத்தவள் தூக்குவாள், அவளைப் பார்த்து அதற்கடுத்தவள். இப்படியே கடைசியில் உட்கார்ந்திருக்கும் சுவிட்ச் அண்ணன் வரை போகும். அவர் யார், எதற்கு என்று கேட்க மாட்டார். கை தெரிந்தால் சுவிட்சை இறக்குவார். ஃபோர்மேன் வந்து முதலில் தூக்கியவளிடம் "என்ன விஷயம்?" என்று கேட்கும் வரை ஒரு கையும் இறங்காது. பெல்ட் நின்றாலும் உலை நிற்காது. பாட்டில்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நொறுங்கும். அதனால் சும்மாவேனும் ஒருத்தியும் அங்கே கை தூக்குவதில்லை. சோம்பல் முறிப்பதுகூட முழங்கை மட்டத்தோடு சரி. பூதக்கண்ணாடி பத்தொன்பது வருஷத்தில் மூன்று முறை தூக்கியிருக்கிறாள். அதில் ஒன்று, பக்கத்து ஸ்டூல்காரியின் பின்னல் பெல்ட்டில் சிக்கியபோது.

இந்தப் பழக்கம் யாருக்கு நன்றாகத் தெரியுமோ இல்லையோ, தலைவருக்குத் தெரியும். தொலைபேசியில் எப்போது கூப்பிட்டாலும் "இதோ வந்துட்டேன்" என்பார், வரமாட்டார். அதனால் அவருக்குப் பெயரே இதோவந்துட்டேன். ஆனால் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருவார். தீர்மானத்தைப் படித்துவிட்டு, "எதிர்க்கிறவங்க மட்டும் கை தூக்குங்க" என்பார். யார் தூக்குவார்கள்? ஏகமனதாக நிறைவேறியது என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். பதினான்கு வருஷமாகத் தலைவராக இருப்பதும் அப்படி நிறைவேறியதுதான்.

இந்த வருஷம் சட்டம் மாறியது. அதுவரை சந்தா சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டு வந்தது. யாருக்கும் வலி தெரியவில்லை. இனி அவரவர் விருப்பப்பட்டுக் கையால் கொடுத்தால்தான் உண்டு. முதல் மாதம் எழுபது பேரில் பதினோரு பேருக்குத்தான் விருப்பம் வந்தது.

ரசீதுப் புத்தகம் இருந்தது பூதக்கண்ணாடியின் நாத்தனார் கையில். அவள் பெல்ட்டின் கோடியில் பாட்டில் அடுக்குகிறவள்; வீடும் அடுத்த மாடிதான்.

"அண்ணி, சந்தா."

"எதுக்கு?"

"எதுக்குன்னா? சங்கத்துக்கு."

"அது தெரியுது. சங்கம் எதுக்குன்னு கேட்டேன்."

"இப்படிக் குறுக்குக் கேள்வி கேட்டா ரசீதுல நான் என்னத்த எழுதறது?"

"அதையே எழுது. இடம் நிறைய இருக்கு."

நாத்தனார் அண்ணனைப் பார்த்தாள். அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "இது உங்க தொழிற்சாலை சமாச்சாரம். நான் வேன் சங்கம்."

"வேன் சங்கத்துக்குக் கட்டினீங்களா?" என்றாள் மனைவி.

"குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார் அவர்.

அடுத்த மாதம் நாற்பது நிமிஷம் வந்தது. சோதனை முறையில்தான் என்றார் ஃபோர்மேன். வெளிச்சத்தில் நாற்பது, ஓய்வு பத்து. தலைவரைக் கூப்பிட்டார்கள். இதோ வந்துட்டேன் என்றார். நாத்தனார்தான் வெகுளித்தனமாக விஷயத்தைப் போட்டு உடைத்தாள்: "இனிமே சம்பள மேசையிலயே கம்பெனிக்காரங்களே சந்தாவுக்குக் கையெழுத்து வாங்கித் தர்றாங்களாம் அண்ணி. தலைவர் பேசி முடிச்சிட்டாரு. நான் ஒவ்வொரு வீடா படி ஏறி இறங்க வேண்டாம்."

"பதிலுக்கு இவர் என்ன கொடுத்தாரு?"

"அது தெரியலையே."

பூதக்கண்ணாடிக்குத் தெரிந்தது. கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது.

மூன்றாவது வாரம் ஃபோர்மேன் ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார். அடியில் முடி அளவுக்கு ஒரு கீறல். "உங்க நேரத்துல போனது" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்று வீட்டில் மகள் நீட்டிய மதிப்பெண் அட்டையில் கணக்குக்கு எண்பத்தெட்டு என்று படித்து, நெட்டி முறித்து, இனிப்பும் வாங்கிக் கொடுத்தாள். அது முப்பத்தெட்டு என்பது நான்கு நாள் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நான்கு நாளும் மகள் வீட்டு வேலையெல்லாம் கேட்காமலே செய்தாள்.

"நாப்பது நிமிஷத்தை எதிர்க்கிற ஒரே ஆள் நீதான், ஆதரிக்கிற ஒரே ஆள் உன் பொண்ணு" என்றார் கணவர்.

சிரித்தாள். ஆனால் கண் பரிசோதனைக்கு இன்னும் ஏழு வாரம்தான் இருந்தது. இதே கண்ணோடு போனால் துடைப்பம்தான்.

சனிக்கிழமை மதியம் ஷிஃப்ட் முடிந்ததும் உணவுக்கூடத்தில் பொதுக்கூட்டம். பெஞ்சுகளில் பழக்க தோஷத்தில் ஸ்டூல் வரிசைப்படியே உட்கார்ந்தார்கள். சுவிட்ச் அண்ணன் கல்யாண வீட்டுக்குப் போனாலும் சுவிட்ச் பலகை எங்கே என்று பார்த்து அதன் பக்கத்தில் உட்காருகிற மனிதர், அன்றும் அப்படியே. தலைவர் மைக்கில் முக்கால் மணி நேரம் பேசினார். தியாகம் வந்தது, ஒற்றுமை வந்தது, நாற்பது நிமிஷம் மட்டும் "பரஸ்பரப் புரிந்துணர்வு" என்று வேஷம் போட்டுக்கொண்டு நடுவில் வந்து போனது. பிறகு அதையே தீர்மானமாகப் படித்துவிட்டு, பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "எதிர்க்கிறவங்க மட்டும் கை தூக்குங்க."

பூதக்கண்ணாடியின் கை மடியில் கிடந்தது. தூக்கினால் என்ன நொறுங்கும் என்று பத்தொன்பது வருஷமாகப் பார்த்துப் பழகிய கை. இங்கே நொறுங்குவதற்கு என்ன இருக்கிறது என்று ஒருமுறை யோசித்தாள். தூக்கினாள்.

பக்கத்து ஸ்டூல்காரி அந்தக் கையைப் பார்த்தாள். எதிர்ப்பா ஆதரவா என்றெல்லாம் அவள் யோசிக்கவில்லை. அவள் கை தானாக மேலே போனது. அதற்கடுத்தவள், அதற்கடுத்தவள். கோடியில் நாத்தனாரின் கையும் போனது, ரசீதுப் புத்தகத்தோடு. சுவிட்ச் அண்ணனுக்குக் கைகள் தெரிந்தன. அவர் யார், எதற்கு என்று கேட்கவில்லை. மெயினை இறக்கினார்.

மின்விசிறிகள் ஓய்ந்தன. மைக் செத்தது. தலைவரின் சொந்தக் குரல் எப்படி இருக்கும் என்று பதினான்கு வருஷத்தில் முதல்முறையாகத் தெரிந்தது: கீச்சென்று, சின்னப்பிள்ளைக் குரல்.

"தலைவரே, கேக்கல" என்றாள் பின்வரிசையில் ஒருத்தி.

"நாம சொன்னது அவருக்கும் இப்படித்தான் கேட்டிருக்காது, பாவம்" என்றாள் இன்னொருத்தி.

கூடமே சிரித்தது. ஆனால் கைகள் இறங்கவில்லை. யாராவது வந்து கேட்கும் வரை இறங்கக் கூடாதே. தலைவர் காத்துப் பார்த்தார். மேடையோரம் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்த சங்கச் செயலாளர் அதற்குள் கைகளை எண்ணி முடித்து அறுபத்து நான்கு என்று எழுதிவிட்டார். வேறு வழியில்லாமல் தலைவர் மேடையை விட்டு இறங்கி, பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்து, பூதக்கண்ணாடியின் முன்னால் நின்றார்.

"என்னம்மா விஷயம்?"

எல்லாக் கைகளும் இறங்கின.

"ஒண்ணுமில்ல தலைவரே. திங்கட்கிழமை வந்து வெளிச்சத்துல நாப்பது நிமிஷம் உட்காருங்க. அப்புறமா தீர்மானம் போடுங்க."

"இதோ வந்து..." என்று ஆரம்பித்தவர், அறுபத்து நான்கு முகங்களைப் பார்த்துவிட்டு, "வர்றேன்மா" என்று முடித்தார்.

வந்தார். இருபத்தாறாவது நிமிஷத்தில் நல்ல பாட்டிலாகப் பார்த்துப் பொறுக்கித் தொட்டியில் போட ஆரம்பித்தார். ஃபோர்மேன் கணக்குப்படி பதினோரு கீறல்களைக் கோட்டை விட்டிருந்தார். பதினோரு பாட்டிலையும் எண்ணிப் பார்த்த மேலாளருக்கு, வாங்குகிற கம்பெனியின் முகம் கண்முன்னால் வந்திருக்க வேண்டும்; மறுநாளே இருபது நிமிஷம் திரும்ப வந்தது. பூதக்கண்ணாடி பரிசோதனையில் கடைசி வரி வரை படித்தாள். அச்சகத்தின் பெயரையும் சேர்த்து.

தலைவரை யாரும் மாற்றவில்லை. மாற்றினால் இன்னொருத்தரை முதலிலிருந்து பழக்க வேண்டும் என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்கள்: மாதம் பிறந்தால் அவர் வெளிச்சத்தில் இருபது நிமிஷம் உட்கார வேண்டும், சந்தா அங்கேதான், அப்போதுதான். இப்போது எழுபதில் அறுபத்து மூன்று பேருக்கு விருப்பம் வந்துவிட்டது. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே வருவதைப் பார்த்து, தலைவர் மாதாமாதம் அழுகிறார் என்று புதிதாக ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதையும் விசாரித்தாயிற்று. வெளிச்சம்தான்.

மிச்சமிருப்பது ஒன்று. நாற்பது நிமிஷம் நடந்த அந்த மாதத்துச் சந்தாவைப் பூதக்கண்ணாடி இன்னும் கட்டவில்லை. நாத்தனார் அந்த ரசீதைக் கிழிக்காமல் ஹேர்பின் குத்தி வைத்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் புத்தகத்தோடு படி ஏறி வருகிறாள்.

"அந்த ஒரு மாசம் அண்ணி. கணக்கு இடிக்குது."

"அந்த மாசம் சங்க வேலையை யாரு பார்த்தா?"

"நீங்கதான்."

"அப்ப யாரு யாருக்குத் தரணும்?"

"அதுக்கு என்கிட்ட ரசீது இல்லையே."

"நீயும்தானே அன்னிக்குக் கை தூக்கின?"

"நான் எங்க தூக்கினேன். அதுவா போச்சு."

கணவர் இருவருக்கும் நடுவில் டீயை வைத்துவிட்டு, டம்ளரை எடுக்கப்போன மனைவியைப் பார்த்தார். அவள் அதை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒருமுறை திருப்பிப் பார்த்தாள். நாத்தனார் ஹேர்பினைச் சரியாக அழுத்திவிட்டு, புத்தகத்தை மூடிக்கொண்டாள்.