பன்னிரண்டு மணி வெடி

ஆயிரம் பொய் சொல்லியாவது ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். அந்த ஆயிரத்தில் ஒன்றையாவது பிடித்துவிட வேண்டும் என்பது என் கொள்கை. கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் குறையுள்ளதைக் கண்டுபிடித்து ஒதுக்குவதுதான் என் வேலை. வீட்டுக்கு வந்தாலும் கண் ஓயாது.

தொண்ணூறுகளின் நடுவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் நாங்கள் இருந்த பதினோராம் மாடிக்கு என் தங்கையைப் பெண் கேட்டு ஒருவர் வந்தார். இரண்டு பேரும் ஒன்றாக ஆங்கில வகுப்புக்குப் போனவர்கள். அவளுக்கு அவரை நன்றாகப் பிடித்திருந்தது. அம்மா அப்பா சண்டை நடக்கும் ஊரில், ஆகவே முடிவு சொல்ல வேண்டியவன் நான். ஊரில் விசாரித்தேன், வேலையிடத்தில் விசாரித்தேன், அவர் இருந்த பேஸ்மென்ட் வீட்டுக்காரரையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆள் கடத்தும் ஏஜென்டை நம்பிக் கனடா வருகிற வழியில் ரோமில் எட்டு மாதம் இருந்ததாக அவர் சொன்னதுதான் எனக்கு இடித்தது. எட்டு மாதத்தில் ஒருவன் இன்னொரு குடும்பமே நடத்தலாம்.

நூலகத்தில் ரோம் பற்றிய வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை எடுத்துவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரைத் தேநீருக்குக் கூப்பிட்டேன். புத்தகத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டேன்.

“கொலோசியம் பாத்தனீரோ?”

“இல்லை அண்ணை.”

“பாப்பரசற்றை பெரிய கோயில்?”

“அதுவும் இல்லை. ஏஜென்ற் எங்களை வெளியாலை விடேல்லை. பத்துப் பேர், ஒரு அறை, ஒரு யன்னல்.”

அப்படியானால் யன்னலால் கண்டதைச் சொல்லும் என்றேன். எதிரே காரை உதிர்ந்த மஞ்சள் சுவராம். மேல்மாடியில் ஒரு பெண் கூடையைக் கயிற்றில் இறக்கிப் பேக்கரிக்காரனிடம் பாண் வாங்குவாளாம். தெருமூலையில் ஒரு குழாய் இரவு பகலாக ஓடுமாம், பூட்டுவாரே இல்லையாம்.

“பகல் பன்ரண்டுக்குப் பீரங்கி வெடிக்கும், அண்ணை. ஒவ்வொரு நாளும். முதல் நாள் பத்துப் பேரும் நிலத்திலை விழுந்து படுத்திட்டம்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை இல்லாத ஊரில் தினமும் பீரங்கியா? பக்கம் பக்கமாகப் புரட்டினேன், எங்கேயும் இல்லை. தங்கை துணியோடு வந்து மேசையைத் துடைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் வேலையில் பக்கத்து மெஷினில் நின்ற இத்தாலியரிடம் கேட்டேன். பீரங்கியா என்று அவரும் வயிறு குலுங்கச் சிரித்தார். அவர் தன் கிராமத்திலிருந்து நேரே கப்பலேறியவர், ரோமைக் கண்ணாலும் காணாதவர் என்பது பிறகுதான் தெரிந்தது. அப்போது எனக்கு அவர்தான் சாட்சி.

மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம், மறைக்க ஒன்றும் இல்லாதவன் எதற்குக் கதை கட்டுகிறான் என்று தங்கையிடம் சொன்னேன். சம்பந்தம் வேண்டாம் என்று அவருக்குச் சொல்லியனுப்பினேன்.

“உங்களுக்குப் பிழை பிடிக்க மட்டும்தான் தெரியும்,” என்றாள். அதன்பிறகு சோற்றை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள்.

அடுத்த வருடம் கனடாப் பாஸ்போட் கிடைத்தது. ஜெர்மனியில் பெரியம்மா மகனின் கலியாணத்துக்குப் போனவன், அங்கிருந்து ரோமுக்கு ரயில் ஏறினேன். இடம் பார்க்க அல்ல. என் பக்கம்தான் சரி என்று தங்கையிடம் வந்து சொல்வதற்கு.

அந்த நகரத்தில் நான் ஒருவரையும் நம்பவில்லை. பாஸ்போட்டைப் பெனியனுக்குள் வைத்துக் கட்டியிருந்தேன். சிரித்தவனெல்லாம் முடிச்சவிழ்க்கியாகத் தெரிந்தான். கோப்பியை நின்று குடித்தால் ஒரு விலை, இருந்து குடித்தால் ஒரு விலை என்ற கடைக்காரனோடு சண்டைக்குப் போனேன். அது சுவரிலேயே எழுதியிருந்தது. கொலோசியத்தையும் ஒரு சுற்றுச் சுற்றினேன். பாதி இடிந்த பெரிய சுவர். ஷெல் விழுந்த எங்கள் வீடும் இப்படித்தான் நிற்பதாக அப்பா எழுதியிருந்தார். அதைப் பார்க்க ஒருவரும் வரிசையில் நிற்பதில்லை.

ஆற்றைக் கடந்து ஒரு குன்றின் அடிவாரத்துச் சந்துகளுக்குள் நடந்தேன். மூலையில் ஒரு குழாய், தன்பாட்டில் ஓடிக்கொண்டிருந்தது. குடித்துவிட்டுப் பூட்டத் திருகு தேடினேன். திருகே இல்லை. மனம் கொஞ்சம் ஆடியது. குழாய் எந்த ஊரிலும் இருக்கும் என்று அதை அடக்கினேன்.

அப்போதுதான் வெடித்தது.

எனக்கு நினைவு திரும்பியபோது, நிறுத்தியிருந்த ஒரு காரின் கீழ் பாதி உடம்போடு குப்புறக் கிடந்தேன். இரண்டு கையும் தலைமேல் இருந்தன. தெருவில் வேறு ஒருவரும் விழவில்லை. மரக்கறிப் பையோடு வந்த ஒரு பெண் என்னைத் தூக்கிவிட்டு, குன்றைக் காட்டி, பிறகு தன் கைக்கடிகாரத்தைக் காட்டினாள். சரியாகப் பன்னிரண்டு. நேரம் அறிவிக்கும் பீரங்கி. வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் நடுத்தெருவில் நின்று அழுதேன்.

பொதுத் தொலைபேசி ஒன்றைத் தேடிப் பிடித்தேன். ரொறன்ரோவில் அப்போது காலை ஆறு மணி தாண்டியிருந்தது. தங்கை எடுத்தாள்.

“அந்த வெடி உண்மைதான்,” என்றேன். “நானும் விழுந்திட்டன். முழங்கால் உரஞ்சி ரத்தம்.”



“அவர் அதைச் சொல்லேக்கை கை நடுங்கித் தேத்தண்ணி சிந்தினது, அண்ணா. நான்தான் துடைச்சனான். நீங்கள் புத்தகத்தைப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்.”

“திரும்ப ஒருக்காக் கதைச்சுப் பாப்பமோ?”

“போன மாசம் அவருக்கு வேறை இடத்திலை கலியாண எழுத்து முடிஞ்சுது,” என்றாள். பிறகு, “காயத்துக்கு மருந்து போட்டனீங்களோ?” என்று கேட்டாள்.