போடில் ஓட்டச் சொல்லும் பாதை

"இடப்பக்கம் திரும்பு. சிக்னல் போட்டியா? போடல. சரி, திரும்பிட்டுப் போடு!"

ஆர்ஹுஸ் நகரத்தில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் போடில் கிராக், மாணவர்களை எங்கே கூட்டிப்போவார் என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. மற்றவர்கள் துறைமுகத்தைச் சுற்றிவிட்டுத் திரும்புவார்கள். போடிலோ, பங்குச்சந்தையில் திடீரென்று ஆகா ஓகோவென்று பேசப்படும் கம்பெனிகளின் விலாசத்தைத் தேடி ஓட்டச் சொல்வார். போய்க் கதவைத் தட்டுவார். அதில் அவருக்கு அப்படி ஓர் ஆனந்தம்.

ஒரு காலத்தில், சமையலறையைப் புதுப்பிக்க வைத்திருந்த பணத்தை, எகிறிக்கொண்டிருந்த ஒரு பங்கில் போட்டு இழந்தவர் அவர். இன்றும் அவர் வீட்டுப் பழைய மின்னடுப்பின் கதவைக் கயிறுதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையை வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

போன வசந்தத்தில் அவரிடம் படித்த வில்லாட்ஸ், ஐம்பதைத் தாண்டிய ரொட்டிக்கடைக்காரர். கடற்பாசியில் மீன் தீவனம் செய்யும் கம்பெனி ஒன்றைப் பற்றி அவருடைய போன் குழுவில் ஒரே பேச்சு. பங்கு விலை மூன்று மடங்காகிவிட்டது. கடைக்கு வேன் வாங்க வைத்திருந்த பணம் அவர் கையை அரித்தது.

"எல்லாரும் வாங்குறாங்க போடில். நான் மட்டும் கேணையனா?"

"மலிவா வாங்கி வெச்சுக்கிட்டு ஒருத்தன் கதை கட்டுறான். அதைக் கேட்டு நீ வாங்குற. உனக்கு விக்கிறது யாரு? அதே ஆளுதான்யா! எதுக்கு வாய்ச்சண்டை, ஆலையைப் போய்ப் பார்த்துடுவோம். ஓட்டு."

விலாசம் கடலோரத்தில் ஒரு மினி கோல்ஃப் மைதானத்தில் போய் முடிந்தது. அதை நடத்தும் தோர்கில் கையைத் துடைத்தபடி வந்தார்.

"ஆலையா? என் தபால் பெட்டில அவங்க பேரை ஒட்டிக்கிட்டாங்க, அவ்வளவுதான்." கொஞ்சம் நெளிந்தார். "தினமும் யாராவது போன்ல விசாரிக்கிறாங்க. ஏதோ இருக்கும்போலன்னு நானும் கொஞ்சம் வாங்கிட்டேன்."

"கம்பெனியே உன் தபால் பெட்டிக்குள்ள இருக்குன்னு தெரிஞ்சுமா?"

"பெரிய ஆபீஸ் வேற எங்கயாவது இருக்கும்னு நெனச்சேன்..."

போடில் சிரித்த சிரிப்பில் உட்கார இடம் தேட வேண்டியதாயிற்று. வில்லாட்ஸ் சிரித்தார். கடைசியில் தோர்கிலும் சிரித்தார். நின்ற இடத்திலேயே போனை எடுத்து எல்லாப் பங்கையும் விற்றார். லாபம்தான்! மூவருக்கும் ஐஸ்கிரீம் வந்தது.

"என் வேன் பணம் பிழைச்சுது" என்று கோப்பையை வழித்த வில்லாட்ஸ் திடீரென்று கேட்டார். "ஆமா, இப்ப இவர் வித்ததை வாங்கினது யாரு?"

போடிலின் கரண்டி நின்றது.

"இங்க வந்து பார்க்காத ஒருத்தர்."

எழுந்து போனார். ஐஸ்கிரீம் விலைகள் எழுதியிருந்த பலகையைச் சட்டைக் கையாலேயே அழித்தார். சுண்ணக்கட்டியால் கொட்டை எழுத்தில் எழுதினார்: 'தீவன ஆலை இங்கே இல்லை. எட்டிப் பாருங்கள்.' வாசலுக்கு இழுத்து வந்து நிறுத்தினார்.

"போட்டோ எடுத்து உன் குழுவுக்கு அனுப்பு. இன்னும் பின்னால போய்யா, மைதானம் பூரா விழணும்."

கடற்காற்றில் பலகை சாயப் பார்த்தது. போடில் அதை முழங்காலால் முட்டுக்கொடுத்து நிமிர்த்தி, எழுத்தை மறைத்த தன் நிழலை விலக்கிக்கொண்டு நின்றார்.